ஒன்றரைக் கட்டையில் அலறவும்

எருமை குத்தியபோது யமனப்பா அதன் பொறுமையைத்தான் புகழ்ந்துகொண்டிருந்தார்.

தார்வாட் மாட்டுச் சந்தையில், மீசை கறுப்பாக இருந்த காலத்திலிருந்து தரகு பார்க்கிறவர். அன்றைக்கு நவலகுந்திலிருந்து வந்த ஒருவரிடம், "கல்யாணமாகி வந்த புது மருமக மாதிரிங்க இது. தலை நிமிராது. வாலைப் புடிச்சுப் புள்ளைங்க ஊஞ்சல் ஆடினாலும் அது பாட்டுக்கு அசை போடும்" என்று சொன்னார். சொன்னதை நிரூபிக்கக் கொம்பைப் பிடித்து ஓர் ஆட்டு ஆட்டினார். மருமகள் தலை நிமிர்ந்தாள். கொம்பு வலது தொடையில் இறங்கியது. நவலகுந்துக்காரர் நல்ல மனிதர். யமனப்பாவை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு, குத்துகிற மாடு என்று விலையைக் குறைத்துப் பேசி அதே எருமையை ஓட்டிக்கொண்டு போனார்.

யமனை அவன் வாகனமே குத்திவிட்டது என்று ஊர் சிரித்தது. மகாநந்தி தர்மாஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த ஒவ்வொருவரும் இதைத் தாமே கண்டுபிடித்த நகைச்சுவை போலச் சொல்லிவிட்டு, கொண்டுவந்த பேடாவில் பாதியைத் தாமே தின்றுவிட்டுப் போனார்கள்.

புண் ஆழம். உள்ளே சீழ் வைத்திருந்ததால் தைத்து மூடக்கூடாது என்று திறந்தே விட்டுவிட்டார்கள். தினமும் குழிக்குள் திணித்த துணியை உருவி, கழுவி, புதுத் துணி திணிக்க வேண்டும். முதல் நாள் அதைச் செய்தபோது யமனப்பா போட்ட சத்தத்தில், வாசலில் கிர்மிட் என்ற காரப்பொரி விற்றுக்கொண்டிருந்தவன் பொரியை அப்படியே விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தான். யாரையோ வெட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டானாம்.

மறுநாள் சுமங்கலா என்ற நர்ஸ் வேலைக்கு வந்தாள். அவள் வழக்கம் வேறு. கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால் வலிக்கு ஊசி போடுவாள். பிறகு தன் போனைத் தலையணைக்குப் பக்கத்தில் வைப்பாள்.

"என்ன பாட்டு வேணும்ண்ணா?"

"பாட்டா? எனக்கு என்னம்மா தெரியும்? ஆடு மேய்க்கிறவங்க டொள்ளு அடிச்சிட்டுப் பாடுவாங்களே, அது ஒண்ணுதான் தெரியும்."

அவள் தேடி எடுத்துப் போட்டாள். மேளம் இடித்தது, ஆட்கள் கத்திப் பாடினார்கள், யமனப்பா கட்டில் கம்பியில் தாளம் போட்டார். தொலைந்துபோன ஆட்டைப் பாட்டுக்காரன் கண்டுபிடிப்பதற்குள் சுமங்கலா பிளாஸ்திரியை ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வலிச்சுதா?"

"வலிச்சுது தாயி. ஆனா வாசல்ல நின்னு கூப்பிட்டுட்டுப் போயிடுச்சு. உள்ள வரல."

பக்கத்துக் கட்டிலில் இமாம்சாப் இருந்தார். பேக்கரி அடுப்பில் முழங்கை வரை வெந்தவர். அவருக்குப் பழைய இந்திப் பாட்டுகள். கட்டு மாற்றும்போது கண்ணில் நீர் வரும். பாட்டுக்காக அழுகிறேன் என்பார். யாரும் மறுக்கவில்லை. எதிர்க் கட்டிலில் பைரப்பா, சர்க்கரை நோயில் பாதம் புண்ணானவர். அவருக்குப் பாட்டு வேண்டாம், கிரிக்கெட் வர்ணனை போதும். பழைய ஆட்டமாக இருந்தாலும் பரவாயில்லை, முடிவு தெரிந்திருந்தால் இன்னும் நல்லது என்பார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்ததை ஒருநாள் இயக்குநர் பார்த்துவிட்டார்.

டாக்டர் இனாம்தார், மகாநந்தி அறக்கட்டளையின் எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் தலைவர். எந்த வார்டுக்குள் நுழைந்தாலும் யாரோ படம் எடுக்கப்போகிறார்கள் என்பதுபோலவே நுழைவார். அன்று வாசலிலேயே நின்றார். டொள்ளுச் சத்தம், தாளம் போடும் நோயாளி, புண்ணுக்குள் இடுக்கி விட்டபடி தலையாட்டும் நர்ஸ். அவர் கண்கள் பனித்தன.

"சிஸ்டர்! இது என்ன?"

சுமங்கலா பயந்து போனை அணைத்தாள். "சும்மா, சாஹேப். அவங்களுக்குக் கொஞ்சம்…"

"சும்மாவா? இது ஒரு துறை!"

அடுத்த வாரமே அது துறையாகிவிட்டது. ஆண்கள் வார்டின் நடுவில் பந்தல் போட்டார்கள். அதற்காக நான்கு கட்டில்களை வராந்தாவுக்குத் தள்ளினார்கள். அதில் படுத்திருந்தவர்களையும் சேர்த்து. குத்துவிளக்கு, சால்வை, பழத்தட்டு எல்லாம் வந்தன. நாதச் சிகிச்சைத் துறையைத் திறந்துவைத்து டாக்டர் இனாம்தார் பேசினார்:

"அன்பர்களே, பெரிய சிந்தனைகள் தனிமையில்தான் பிறக்கும். இந்தச் சிந்தனையும் அப்படித்தான். ஒரு நர்ஸ் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, முற்றிலும் தனியாக என் உள்ளத்தில் உதித்தது. வலி என்பது என்ன? சுருதி சேராத உடம்பு. மருந்து என்பது என்ன? செலவு. இசைக்குச் செலவே இல்லை. அதற்காக அரசு தரும் மானியத்தில் துறைத் தலைவருக்கு அறையும், அறைக்குக் குளிர்சாதனமும், சாதனத்துக்கு ஓர் உதவியாளரும் ஏற்பாடாகியிருக்கிறது. நோயாளிகளுக்கு நாம் கொடுக்கும் பரிசு இது!"

நோயாளிகள் கைதட்டினார்கள். இமாம்சாப்பால் தட்ட முடியவில்லை, வேகாத கையால் தொடையில் தட்டினார்.

விழா முடிந்ததும் சுமங்கலா இயக்குநரைப் பின்தொடர்ந்து போய்க் கேட்டாள். "சாஹேப், மருந்துச் சீட்டுல ஊசி எழுதற இடத்துல கோடு போட்டிருக்கு. வலி ஊசி கிடையாதா?"

"எதுக்கும்மா? அதான் இசை இருக்கே."

"ரெண்டும் குடுத்துட்டிருந்தேன் சாஹேப்."

டாக்டர் இனாம்தார் திடுக்கிட்டார். "ரெண்டுமா? அளவு மீறிடாது? ஒரு நோயாளிக்கு ஒரே நேரத்துல ரெண்டு வலி நிவாரணி! இவ்வளவு நாள் யாரும் சாகாம இருந்தது தெய்வச் செயல். அதோட ஒண்ணு யோசி. ரெண்டும் குடுத்தா, எது வேலை செஞ்சுதுன்னு எப்படித் தெரியும்? நாளைக்கு எவனாவது ஊசிதான் வேலை செஞ்சுதுன்னு சொல்லிட்டா? அந்த அவமானத்தை இந்தத் துறை தாங்குமா?"

அவள் போனையும் வார்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்றார். அதில் வரும் பாட்டுகளில் ராகம் கலப்படமாம்.

துறைத் தலைவராக வந்தவர் பண்டிட் பிந்துமாதவர். பெரிய உடம்பு, பெரிய குரல், குழந்தை மனசு. பாவம், அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும். அதனால் வார்டில் ஒரு திரை கட்டி, அதற்கு அந்தப் பக்கம் சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினார். தபலாக்காரர் மட்டும் திரையின் ஓட்டை வழியாகப் பார்த்து, சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது என்று காதில் சொல்வார்.

முதல் வேலையாகப் பண்டிட் ஒவ்வொருவருக்கும் ராகம் நிர்ணயித்தார்.

"உங்க பேரு?"

"யமனப்பா."

பண்டிட்ஜி கண்களை மூடிக்கொண்டார். "ஆஹா! பேர்லயே ராகம்! உங்களுக்கு யமன்தான்."

தெற்கே கல்யாணி என்கிறோமே, அதற்கு அக்கா முறை ராகம். அதெல்லாம் யமனப்பாவுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருக்கிற மனிதனிடம் யமன்தான் உனக்கு என்று சொன்னால் அவன் என்ன நினைப்பான்? வீட்டுக்கு ஆள் அனுப்பி மனைவி நீலவ்வையை வரவழைத்தார். அவள் அழுதுகொண்டே வந்து, விஷயம் புரிந்ததும் சிரித்துக்கொண்டே சோள ரொட்டியைப் பிய்த்து ஊட்டினாள்.

சிரிப்பு மறுநாளே நின்றுவிட்டது. யமன் மாலை ராகம். பொழுது சாயாமல் பாடுவது பாவம் என்றார் பண்டிட்ஜி. காலையில் மாற்ற வேண்டிய கட்டு மாலை வரை காத்திருந்தது. அதற்குள் உள்ளே திணித்த துணி காய்ந்து சதையோடு ஒட்டிக்கொண்டது. பைரப்பாவுக்குப் பைரவ் என்று முடிவானது. அது விடியற்கால ராகம். வலியோடு புரண்டு, அப்போதுதான் கண்ணயர்ந்த மனிதரைக் கோழி கூவும் முன் எழுப்பிக் கட்டைப் பிரித்தார்கள். இமாம்சாப் பெயரில் எந்த ராகமும் சிக்கவில்லை. ஆராய்ச்சி முடியும்வரை அவருக்குத் தம்புரா மட்டும் மீட்டச் சொல்லி உத்தரவு.

அடுத்து வந்தது காலப் பிரமாணம். விளம்ப காலத்தில் பாடும்போது கட்டைப் பிரிக்க வேண்டும், மத்திம காலத்தில் கழுவ வேண்டும், துரித காலத்தில் திணிக்க வேண்டும். விளம்பம் என்றால் எறும்பு வீடு மாற்றுகிற வேகம். சுமங்கலா துணியின் நுனியை இடுக்கியால் பிடித்துக்கொண்டு நிற்பாள். பண்டிட்ஜி ஒரே ஸ்வரத்தில் நின்று அதைச் சுற்றிச் சுற்றி வருவார். தாளம் ஒரு சுற்று முடிந்து முதல் அடியான சமத்துக்கு வந்து விழும்போது மட்டும் அவள் ஒரு விரற்கடை உருவலாம்.

"இழுத்துடு தாயி! ஒரேடியா இழுத்துடு!" என்று யமனப்பா கெஞ்சுவார்.

"இன்னும் சமம் வரலண்ணா" என்பாள் சுமங்கலா, உதட்டைக் கடித்துக்கொண்டு.

சமம் வந்தது. யமனப்பா அலறினார். "யவ்வோ!"

திரைக்குப் பின்னால் பாட்டு நின்றது. பண்டிட்ஜியின் குரல் கரகரத்தது. "யாருப்பா அது, சுருதி சேராம?"

மறுநாள் சுவரில் அறிவிப்புப் பலகை மாட்டினார்கள். "அலறுவோர் கவனத்திற்கு: சிகிச்சையின்போது அபஸ்வரமாக ஒலி எழுப்புவது மற்ற நோயாளிகளின் குணமடையும் உரிமையைப் பாதிக்கும். தவிர்க்க இயலாதவர்கள் ஒன்றரைக் கட்டையில் அலறவும்."

தினமும் மதியம் அலறல் பயிற்சி நடந்தது. பண்டிட்ஜி ஆர்மோனியத்தில் ஸ்வரத்தைப் பிடிப்பார், வார்டே சேர்ந்து "யவ்வோ" என்று இழுக்கும். பைரப்பாவுக்கு நன்றாக வந்தது. அவர் சின்ன வயதில் பஜனை மடத்தில் பாடியவர். யமனப்பாவுக்கு வரவேயில்லை. மாட்டை அதட்டிய தொண்டை அது, ஒரு இடத்தில் நிற்காது. ஒரே ஒருநாள், துணியோடு சதையும் சேர்ந்து வந்தபோது, அவர் குரல் கூரையைத் தொட்டது. திரைக்குப் பின்னால் பண்டிட்ஜி அழுதுவிட்டார்.

"மேல் ஷட்ஜம்! அப்பழுக்கில்லாத மேல் ஷட்ஜம்! என் குருநாதருக்கே ரெண்டு தடவைதான் வந்துது. யமனப்பா, இன்னொரு தடவை!"

"செத்தாலும் மாட்டேன்" என்றார் யமனப்பா.

ஒவ்வொரு நாளும் இசை முடிந்தபின் டாக்டர் இனாம்தாரே நேரில் வந்து வலியின் அளவைக் கேட்பார். பெங்களூரிலிருந்து விருதுக்குழு ஒன்று வரப்போகிறது. அதற்குள் வார்டின் வலி குறைந்தாக வேண்டும்.

"சுழியம்னா வலியே இல்ல. பத்துன்னா தாங்கவே முடியாது. யமனப்பா, உங்களுக்கு எவ்வளவு?"

"பத்து, சாஹேப்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணுன்னு வச்சுக்கலாமா?"

அதுவரை தலையணையில் சாய்ந்து கிடந்த யமனப்பா மெல்ல எழுந்து உட்கார்ந்தார். இந்தத் தொனி அவருக்கு நன்றாகத் தெரியும். பொருள் கட்டாயம் வேண்டும், ஆனால் வேண்டாதவன் மாதிரி கேட்கிற தொனி. வாரா வாரம் சந்தையில் கேட்டது. நோயாளிக்கு வந்த களைப்பு போய், தரகருக்கு உயிர் வந்துவிட்டது.

"மூணா? சாஹேப், இது என்ன நேத்துப் பொறந்த வலியா? பல்லைப் புடிச்சுப் பாருங்க. கொம்பு எவ்வளவு ஆழம் போச்சுன்னு ஊருக்கே தெரியும். சொன்ன விலை பத்து. உங்க மூஞ்சிக்காக ஒன்பதரை."

"நாலு."

"நாலுக்குக் கொசுக்கடி தரேன், வாங்கிக்கறீங்களா?"

"சரி, அஞ்சு. அதுக்கு மேல எழுதினா பெங்களூர்ல என் மானம் போயிடும்."

"ஏழு. ஒரு தலையணை சேர்த்துக் குடுத்துடுங்க."

ஏழுக்கு முடிந்தது. தலையணை வந்தது. மறுநாள் ஆறுக்குத் தண்ணீர் கலக்காத பால் வந்தது. இதைப் பார்த்த இமாம்சாப், "யமனப்பண்ணா, என் வலியையும் நீங்களே பேசி வித்துக் குடுங்க. எனக்குப் பேரம் வராது. கேட்டவுடனே ரெண்டுன்னு சொல்லித் தொலைச்சுட்டேன், ஒரு வாழப்பழம்கூடக் கிடைக்கல" என்றார். பைரப்பாவும் சேர்ந்தார். இரண்டொரு நாளில் வார்டின் மொத்த வலியும் யமனப்பா கைக்கு வந்தது.

குழு வருவதற்கு முந்தின நாள் டாக்டர் இனாம்தார் முகம் வெளுத்து வந்தார். "யமனப்பா, நாளைக்கு யார் கேட்டாலும் எல்லாரும் ஒண்ணுன்னு சொல்லணும். என்ன வேணும்னாலும் கேளுங்க."

"வாயால பேசினா நாலு காது கேக்கும். துண்டுக்குள்ள வாங்க சாஹேப்."

யாரும் பார்க்காமல் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுகிற சந்தை வழக்கம் அது. யமனப்பா தோள் துண்டை எடுத்துத் தன் கைமேல் போட்டார். இயக்குநர் கையை உள்ளே நீட்டினார். யமனப்பா ஒரு விரலைப் பிடித்தார். "இது என்ன தெரியுமா? காலைல எல்லாருக்கும் ஊசி." இரண்டாவது விரல். "சுமங்கலா கையில போன். அவனவனுக்குப் புடிச்சது." மூன்றாவது விரல். "திரைக்குப் பின்னால பண்டிட்ஜி சும்மா வாயசைக்கணும்."

"ஊசியா? அது கொள்கைக்கு விரோதமாச்சே!"

யமனப்பா விரல்களை விட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பேரம் முறிந்ததற்கு அடையாளம் அது. டாக்டர் இனாம்தார் பாய்ந்து துண்டின் முனையைப் பிடித்தார். "இருங்க, இருங்க. அதை ஊசின்னு ஏன் நினைக்கணும்? இசையை வாங்கிக்கறதுக்கு உடம்பைத் தயார் பண்றதுன்னு வச்சுக்கலாம்."

குழு வந்தது. அப்படி ஒரு அமைதியான வார்டை அவர்கள் பார்த்ததேயில்லை. குழுத் தலைவர் இமாம்சாப்பிடம் குனிந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார். இமாம்சாப்புக்கு மருந்து கொஞ்சம் தாராளமாக ஏறியிருந்தது. "நல்லா இருக்கேன் சார். நீங்க ரெண்டு பேரா வந்திருக்கீங்க, ரெண்டு பேரும் ஒரே மாதிரி அழகா இருக்கீங்க" என்றார். பைரப்பா குறட்டை விட்டுத் தூங்கினார். நாதத்தில் லயித்துவிட்டார் என்று எழுதிக்கொண்டார்கள். யமனப்பா கட்டில் கம்பியில் தாளம் போட்டபடி, "ஒண்ணு சார், அதுவும் உங்களை வெறும் கையோட அனுப்பக் கூடாதேன்னு சொல்றேன்" என்றார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

விருது கிடைத்தது. அன்று மாலை வார்டுக்கு மைசூர் பாகு வந்தது. யமனப்பா தன் வாழ்நாளில் செய்த நல்ல வியாபாரம் இதுதான் என்று நீலவ்வையிடம் பெருமையடித்துக்கொண்டார்.

மறுநாள் சுமங்கலா வந்தாள். அண்ணா என்று கூப்பிடவில்லை. வெறுங்கையோடு நின்றாள்.

"ஊசி எங்க தாயி?"

"இனிமே கிடையாது. அறக்கட்டளையோட எந்த ஆஸ்பத்திரியிலயும் கிடையாது. இசை மட்டும் போதும்னு நிரூபணம் ஆயிடுச்சாம். நீங்கதானே ஒண்ணுன்னு சொன்னீங்க?"

யமனப்பா கட்டில் கம்பியிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"பொம்பளைங்க வார்டுல ரத்னவ்வன்னு ஒருத்தி இருக்கா" என்றாள் சுமங்கலா. "கல்யாணச் சமையல்ல கொதிக்கிற பருப்பு முதுகுல கொட்டிடுச்சு. முதுகு முழுக்கத் தோல் இல்ல. இதுவரைக்கும் அந்த வார்டுப் பக்கம் யாரும் பாட்டோட போகல, அவளுக்கு ஊசி போட்டுட்டிருந்தோம். இன்னைக்குக் காலைல நிறுத்திட்டாங்க. கழுவும்போது அவ கத்தல. என் கையைக் கடிச்சா." புறங்கையைத் திருப்பிக் காட்டினாள். பல் பட்ட இடம் நீலமாக இருந்தது. "நல்ல எருமையா வித்தீங்க."

அன்று முழுக்க யமனப்பா சாப்பிடவில்லை. குத்துகிற மாட்டைச் சாது என்று விற்றுவிட்டால், வாங்கினவன் தேடி வருமுன் தரகனே போய்த் திருப்பி எடுக்க வேண்டும். அந்தச் சந்தையில் அதுதான் நியாயம். அதைச் செய்யாதவன் மறுபடி அங்கே துண்டு விரிக்க முடியாது.

"நாளைக்கு நல்ல வேட்டி கொண்டா. முண்டாசும்" என்றார் நீலவ்வையிடம். "ஒரு கெட்டித் துண்டு."

"எதுக்கு?"

"வியாபாரத்தை முறிக்கணும்."

விருது விழா நகர மண்டபத்தில் நடந்தது. குணமடைந்த நோயாளி என்று யமனப்பாவைச் சக்கர நாற்காலியில் மேடைக்கு ஏற்றினார்கள். அவரைப் பார்க்கச் சந்தைத் தரகர்கள் பின் வரிசையில் கும்பலாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாலை நேரம் என்பதால் பண்டிட்ஜி மேடையின் ஓரத்தில் யமன் பாடினார். திரை இல்லை, சுவரும் இல்லை. உண்மையாகவே அழகாகப் பாடினார். யமனப்பாவுக்கே ஒரு நிமிஷம் மனசு இளகியது.

டாக்டர் இனாம்தார் சட்டையில் குட்டி மைக்கைக் குத்திக்கொண்டு பேசினார். "வலி ஒரு பழைய பழக்கம். அதை மக்கள் விட்டுவிட்டால் நாட்டுக்கு எவ்வளவு மிச்சம்! நான் இதுவரை ஒரு தடவைகூட இந்தச் சிகிச்சையை எடுத்துக்கொண்டதில்லை. ஆனாலும் எனக்கு ஒரு நாளும் வலித்ததில்லை. இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இதோ, நம் யமனப்பா! அவர்கள் சந்தையில் துண்டுக்குள் கை கொடுக்கும் அழகான மரபு உண்டு. அதன்படி அவர் எனக்கு நன்றி சொல்ல விரும்புகிறார்."

குழுத் தலைவர் ரசித்துக் கைதட்டினார். படம் எடுப்பவர்கள் முன்னால் வந்தார்கள். இயக்குநர் சிரித்தபடி துண்டுக்குள் கையை விட்டார்.

யமனப்பா சுண்டு விரலைத் தேடிப் பிடித்தார். எத்தனையோ முரட்டுக் காளைகளின் மூக்கணாங்கயிறு பழகிய கை. மெல்லப் பின்னால் மடக்கினார்.

"சாஹேப், வலி எவ்வளவு?"

மைக் அதை மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. இயக்குநரின் சிரிப்பு மாறவில்லை. "சுழியம்" என்றார், படம் எடுப்பவர்களைப் பார்த்து.

இன்னும் கொஞ்சம் மடக்கினார். "இப்போ?"

"ஒண்ணு. சொல்லப்போனா… இதமா இருக்கு."

"பாட்டை நல்லா கேளுங்க. இப்போ?"

"மூணு… அஞ்சு… யமனப்பா, என்ன பண்றீங்க?"

பின் வரிசைத் தரகர்களுக்கு எண் காதில் விழுந்ததும் கை தானாக உயர்ந்தது. "ஆறு!" என்றான் ஒருவன். "ஆறரை!" என்றான் இன்னொருவன். "ஏழு, நம்ம பக்கம் விடுங்க!"

"எட்டு!" என்று கத்தினார் டாக்டர் இனாம்தார். "பத்து! பத்து! யவ்வோ!"

யமனப்பா அன்பாகக் கேட்டார். "நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. மூணுன்னு வச்சுக்கலாமா?"

"பத்துடா பாவி! விடுடா! யாராவது ஊசி போடுங்களேன்!"

பண்டிட்ஜி பாட்டை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டுத் தபலாக்காரரிடம், "நாலு கட்டையைத் தாண்டிட்டாரு" என்றார் வருத்தத்தோடு.

முன் வரிசையிலிருந்து சுமங்கலா எழுந்தாள். "இப்பத்தானே இசை குடுத்தோம் சாஹேப். ஊசியும் சேர்ந்தா அளவு மீறிடுமே?"

யமனப்பா விரலை விட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சபையைப் பார்த்துக் கும்பிட்டார். "ஐயா, அன்னைக்கு நான் வித்த ஒண்ணு, ஒண்ணு இல்ல. ஊசி போட்ட ஒண்ணு. வியாபாரம் ரத்து" என்றார்.

எலும்பு முறியவில்லை. விரல் சிலநாள் வீங்கியிருந்தது, அவ்வளவுதான். போலீஸில் புகார் கொடுக்கலாம் என்று வக்கீல் சொன்னார். ஆனால், யமன் ராகம் பாடிக்கொண்டிருந்தபோது பத்து அளவு வலித்தது என்று புகாரில் எழுத வேண்டியிருந்தது. டாக்டர் இனாம்தார் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார். விருதையும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. கேடயத்தில் பெயர் பொறித்தாகிவிட்டது. அந்த வாரமே புதுச் சுற்றறிக்கை வந்தது. நாதச் சிகிச்சையின் அடுத்த கட்ட வளர்ச்சியாக, பாட்டுக்குப் பக்கவாத்தியம் அவசியம் என்று ஆராய்ச்சியில் தெரியவந்துள்ளதாம். ஆகவே இனி எல்லா வார்டுகளிலும் கட்டு மாற்றுவதற்கு அரை மணி முன்னால், நரம்பு வழியாகப் பக்கவாத்தியம் செலுத்தப்படும்.

சுமங்கலா காலையில் சிரிஞ்சோடு வந்தாள். "கையை நீட்டுங்கண்ணா. பக்கவாத்தியம்."

போட்டாள். டொள்ளுச் சத்தம் தலையணைக்குப் பக்கத்தில் இடித்தது. புண்ணின் அடியில் புதுச் சதை சிவப்பாகத் துளிர்த்திருந்தது. யமனப்பா கொஞ்ச நேரம் தாளம் போட்டுவிட்டு, கேட்கப் பயந்துகொண்டே கேட்டார்.

"அந்தப் பொண்ணு… ரத்னவ்வ?"

"முதல்ல அவளுக்குத்தான் போட்டேன். பண்டிட்ஜி அவளைப் பார்த்து என்ன பாட்டு வேணும்னு கேட்டாரு, பாவம், சுவரைப் பார்க்காம நேராப் பார்த்துக் கேட்டாரு. அவ சொன்னா, 'எனக்குப் பாட்டு எதுவும் வேணாம் அப்பாஜி, கொஞ்ச நேரம் யாரும் எதுவும் பேசாம இருந்தா போதும்'னு. அவரு தம்புராவை மடியில படுக்க வெச்சுட்டு அப்படியே உக்காந்திருந்தாரு. நான் கழுவி முடிக்கிற வரைக்கும் ஒரு சத்தம் இல்ல."

"எவ்வளவு சொன்னா?"

"ரெண்டு."

"நீங்க எவ்வளவுக்குக் கேட்டீங்க?"

"நாங்க ஒண்ணும் கேக்கலண்ணா. சரின்னுட்டோம்."

யமனப்பாவின் தாளம் நின்றுவிட்டது. "சொன்ன விலைக்கேவா எடுத்துக்கிட்டீங்க!" என்றார்.